பக்கெட்டுக்கு ஒரு மூடி

அந்தத் தண்ணீர் வெளுத்த விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மாமனார் வீட்டுத் தோட்டத்தில் நாலு கம்பு நட்டு, தென்னங்கீற்று கட்டிய குளியல் மறைப்பு. உள்ளே உட்கார ஒரு கல். பக்கத்தில் இரும்பு பக்கெட். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து மருந்து பாட்டிலைச் சாய்த்தேன். தேன் நிறத்தில் ஒரு நூல் இறங்கியது. தண்ணீரைத் தொட்டதும் தேன் மறைந்து புகையானது. புகை சுருண்டு அடிக்குப் போய், திரும்பி மேலே வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் பக்கெட் முழுக்கப் பால்.

தலையைத் தூக்கினால் கீற்று இடுக்கில் கல்வராயன் மலை. அங்கேயும் அதுவேதான் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, பள்ளத்தில் சுருண்டு, மரம் மரமாக மூடிக்கொண்டு வந்தது. யாரோ மேலே உட்கார்ந்து மலைக்கும் மருந்து ஊற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படியெல்லாம் தோன்றும். யாரிடமும் சொல்லமாட்டேன்.

வெளியே மாமியார் குரல் கேட்டது.

"ஏன்டி அஞ்சல, பக்கத்து வூட்ல யாருக்குனா பிரசவமா? ஆஸ்பத்திரி வாசன அடிக்குதே."

"இல்லம்மா. அவரு குளிக்கிறாரு."

"குளிக்கிறதுக்கு இன்னாத்துக்குடி ஆஸ்பத்திரி வாசன?"

அஞ்சலை பதில் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலாவது மாதம். அவள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று படிக்க நான் இன்னும் பழகியிருக்கவில்லை.

சுணை

போன வாரம் ரைஸ்மில் வாழ்க்கையைக் கொஞ்சம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடி இரண்டு வரி. நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மில்லில் மூட்டை தூக்குகிறவன். படிப்பு அஞ்சாவது. கருணாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு.

மில்லில் கனத்தை உடம்பு பழகிக்கொள்ளும். பழகாதது சுணை. நெல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கிறது. மூட்டையைத் தோளில் போட்டதும் அது கழுத்தில் இறங்கும். வேர்வையில் ஒட்டும். பிறகு தவிட்டுத் தூள் அதன் மேல் படியும். சாயங்காலம் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும்போது மில்லுக்குள் பார்த்தால் தங்கத்தூள் மிதக்கிற மாதிரி அழகாக இருக்கும். அந்தத் தங்கம்தான் ராத்திரி முழுக்க உடம்பைப் பிறாண்ட வைக்கும்.

கழுத்திலும் கையிலும் சொறிந்து சொறிந்து புண் வந்தது. மில்லுக்கு எதிரே ஒரு கிளினிக் இருந்தது. அங்கே கம்பவுண்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"பக்கெட்டுக்கு ஒரு மூடி. புண்ணு ஆறுற வரைக்கும் ஊத்திக்க. அப்புறம் வெறும் தண்ணி போதும். ஜாஸ்தி ஊத்தாத, இன்னா?"

தலையாட்டினேன். பாட்டிலைச் சுற்றிப் பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. பாதி இங்கிலீஷ். மீதியைக் கேட்டிருக்கலாம். எனக்கு ஒருவரிடம் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் இல்லை.

அன்று ஒரு மூடி ஊற்றிக் குளித்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் என்னோடு மூட்டை தூக்கும் மாணிக்கத்திடம் சொன்னேன்.

"எரிஞ்சிதாடா?" என்றான்.

"இல்ல."

"எரியலன்னா அது மருந்தே இல்ல. பன்னீரு. கல்யாண வூட்ல தெளிச்சிக்கினு நில்லு, போ."

முட்டியில் ஊதிய டீச்சர்

மாணிக்கத்தை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. எனக்கே அந்த நினைப்பு சின்ன வயதிலிருந்து இருந்தது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் தகரப்பெட்டி ஒன்று உண்டு. மேலே சிவப்பில் கூட்டல் குறி. உள்ளே பஞ்சு, கத்தரிக்கோல், டிஞ்சர் பாட்டில். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு போனால் டீச்சர் டிஞ்சரில் பஞ்சை நனைத்து வைப்பார். உயிர் போய்விட்டு வரும். உடனே குனிந்து 'ஊ' என்று ஊதுவார். அந்தக் குளிர்ச்சிக்காகவே இன்னொரு தடவை விழலாம் என்று இருக்கும்.

அஞ்சு வருடப் படிப்பில் வாய்ப்பாடு பாதி மறந்துவிட்டது. மருந்து என்றால் எரியவேண்டும், எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது மட்டும் மறக்கவில்லை.

அதனால் ஒரு மூடி மூன்று மூடி ஆனது. மூன்று, அரை டம்ளர் ஆனது. பிறகு தண்ணீரே எதற்கு என்று, தேங்காய் நாரில் பாட்டிலிலிருந்தே ஊற்றி முதுகு, தோள், கை என்று தேய்த்தேன். அதற்கப்புறம்தான் பக்கெட். எரிந்தது. நன்றாக எரிந்தது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. சுணை செத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணை மூடி அனுபவித்தேன்.

இரண்டு நாளில் தோல் இழுத்துப் பிடித்தது. ஒரு வாரத்தில் மீன் செதில் மாதிரி உரிந்தது. முன்னைவிட அதிகமாக அரித்தது. அரித்ததால் இன்னும் ஊற்றினேன்.

இதற்கு நடுவில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அஞ்சலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என் மேல் தவிட்டு நாற்றம் அடிக்குமோ என்று எனக்கு ஒரே பயம். கருணாபுரம் வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை என்று மருந்து ஊற்றிக் குளித்தேன். சோப்பும் மருந்து சோப்பு. தலை எண்ணெயில்கூட நாலு சொட்டு கலந்தேன். குளித்ததும் உள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தான் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன். பகல் வெளிச்சத்தில் அவள் என் முதுகைப் பார்த்ததே இல்லை. சொல்லப்போனால் நானும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு கன்னம் மட்டும்தான் தெரியும்.

அவள் துண்டை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்தேன். நமக்கு இருப்பதுதானே அவளுக்கும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரங்கள் படுத்திருந்த சாலை

அஞ்சலையின் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில். விருந்துக்கு அழைத்திருந்தார்கள். இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பாட்டிலை வேட்டிக்குள் சுற்றி எடுத்துப்போயிருந்தேன்.

அஞ்சலையின் தம்பி ஏழுமலைக்கு வாய் கொஞ்சம் நீளம். என் பையைத் தூக்கியதுமே முகர்ந்து பார்த்தான். "இன்னா மாமா, கவருமென்ட் ஆஸ்பத்திரிய மூட்ட கட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கிளம்பவேண்டிய நாள் காலையில் அவன்தான் ஓடிவந்து சொன்னான்.

"மாமா, இன்னிக்கி போவ முடியாது. ரோட்ல புளிய மரத்த வெட்டிச் சாச்சிட்டாங்க. ஒன்னு ரெண்டு இல்ல, வரிசையா படுக்க வெச்சிருக்காங்க. பஸ்ஸும் இல்ல, ஒன்னும் இல்ல."

"எதுக்குடா?" என்றார் மாமனார்.

"இடஒதுக்கீடு மறியலுப்பா. படிப்புல, வேலைல பங்கு வேணுமாம்."

"பங்கு கேக்கட்டும். மரம் இன்னாடா பண்ணுச்சி?"

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் நடந்ததை எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். சில ஊர்களில் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டது. அஞ்சாவதோடு நின்ற எனக்கு, படிப்பில் பங்கு கேட்பது என்றால் என்னவென்று விளங்கவே வெகுநாள் ஆயிற்று. எனக்கு அன்று மனதில் பட்டது வேறு. அந்தச் சத்தமில்லாமை.

மலைக்கு ஏறும் பஸ் இல்லை. ஜீப் இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கியவர்கள் சாமை மூட்டையோடு ஊர்க் கோடியிலேயே படுத்துக்கிடந்தார்கள். நானும் ஏழுமலையும் சாலை வரைக்கும் போய்ப் பார்த்தோம். விழுந்த மரங்களின் இலை அப்போதும் வாடவில்லை. சாயங்காலம் ஆனதும், நிற்கும் மரத்தில் மூடுகிற மாதிரியே, படுத்திருந்த மரத்திலும் இலைகள் மூடிக்கொண்டன. வெட்டுப்பட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை போலிருந்தது.

எனக்குக் கிடைத்த மரியாதை

முதல் இரண்டு நாளும் எல்லாரோடும் உட்கார்ந்து எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு மட்டும் மாமியார் வாழையிலை போட்டார்.

மாப்பிள்ளைக்கு மரியாதை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மூட்டை தூக்குகிறவனுக்கு யார் தினமும் தலைவாழையிலை போடுகிறார்கள்? ராத்திரிக்கும் இலை. மறுநாள் மத்தியானமும் இலை. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டே, சாப்பிட்டதும் கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனேன்.

அங்கே எருக்குழிக்குப் பக்கத்தில் மாமியார் மண்வெட்டியோடு நின்றிருந்தார். குழி பறித்து என் இலையை உள்ளே போட்டு மண் தள்ளிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளிக் கொட்டகையில் செவலைப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு அந்த இலைக்காகக் கழுத்தை நீட்டியது.

மாடு வைத்திருக்கிற வீட்டில் சாப்பிட்ட இலையை யாரும் மண்ணில் புதைக்கமாட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "மாப்ள... கை கழுவத் தண்ணி..." என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்தார். போடவில்லை.

"முதுவுல எத்தினி நாளா இருக்குது மாப்ள?"

"எதுங்க மாமா?"

"வெள்ளையா, வட்ட வட்டமா. குளிக்கறப்ப கீத்து காத்துல வெலகிச்சி. எங்க வூட்டம்மா பாத்துட்டுது. கையிலயும் இருக்குதுன்னு சொல்லுது."

நான் முழுக்கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். அது அவர் கேட்டதற்குப் பதில் மாதிரி ஆகிவிட்டது.

"பெரிய வியாதின்னு நான் சொல்லல. இல்லன்னும் எனக்குத் தெரியாது. தோல் பாக்குற சாரு ஒருத்தரு இந்தப் பக்கம் வருவாரு. அவரு மேல வெள்ளிமலைல மாட்டிக்கினாரு. ரோடு தொறந்தா நீங்க மட்டும் கெளம்புங்க. டாக்டரு ஒன்னும் இல்லன்னு சொல்லட்டும், நானே பொண்ணக் கொண்ணாந்து வுடறேன். அது வரைக்கும் அஞ்சல இங்க இருக்கட்டும்."

பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கம் தொழுநோய். இது சுணை மாமா, மருந்து மாமா, நான்தான் அதிகமாக ஊற்றிவிட்டேன் மாமா. எல்லாம் நெஞ்சில் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"சரிங்க மாமா" என்றேன்.

இப்போது எழுதும்போதுகூட அந்த இரண்டு சொல்லை அடித்துவிடலாமா என்று கை போகிறது.

நடுவில் ஒன்று. இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரெல்லாம் கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம், என் மகன் வாசலில் ஒரு பாட்டில் வைத்தான். வருகிறவர் போகிறவர் எல்லாம் கையில் பிழிந்து தேய்த்தார்கள். அடுத்த தெருக்காரர் ஒருவர் முழங்கை வரைக்கும், முகத்துக்கும் பூசிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒருவர் கையை நானாகப் பிடித்தது வாழ்நாளில் எத்தனை தடவை என்று எண்ணிவிடலாம். "எரியுதுல்ல, அப்ப நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் அவர். எனக்கு மாணிக்கத்தையே பார்த்த மாதிரி இருந்தது.

கோழி இறகு

மறுநாள் மத்தியானம். மாமனாரும் ஏழுமலையும் சாலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். மாமியார் ஆற்றுக்குத் துணி எடுத்துப்போயிருந்தார். நான் தோட்டத்தில் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை வந்து எதிரில் நின்றாள்.

"சரின்னீங்களாமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பொண்ண வுட்டுட்டுப் போன்னு எங்கப்பா சொன்னா, சரிங்க மாமா. நாளைக்கு வேட்டிய அவுத்துக் குடுன்னா? அதுக்கும் சரிங்க மாமாவா?"

நாலு மாதத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை.

"சட்டையக் கழட்டுங்க."

"இங்கயா?"

"பின்ன, கள்ளக்குறிச்சில போயா? ரோட்ல மரம் கெடக்குது."

கழற்றினேன். வெயில் முதுகில் விழுந்தது. அவள் பின்னால் வந்து பார்த்தாள். கோழி ஒன்று பக்கத்தில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன் இல்ல? வருசத்துக்கு ஒருக்கா அந்தத் தோல் பாக்குற சாரு சைக்கிள்ல வருவாரு. எல்லாரையும் வரிசையா நிக்க வெப்பாரு. தேமலு இருக்குற எடத்துல கோழி றெக்கையால லேசா தொடுவாரு. கண்ண மூடிக்கினு தொட்ட எடத்தக் காட்டணும். காட்டிட்டா ஒன்னும் இல்ல. தொட்டதே தெரியலன்னாதான் வியாதி."

"யாருக்குனா..."

"எங்கூட படிச்ச ஒருத்திக்குத் தெரியல. மாத்திர குடுத்தாங்க. சாப்ட்டு நல்லாயிட்டா. இப்ப ரெண்டு புள்ள. அதனால பயப்படாதீங்க. இருந்தா மாத்திர சாப்புடுவோம். இல்லன்னா இந்தக் கர்மத்த வுட்டுடுவோம். ரெண்டுல எதுன்னு தெரியணும், அவ்ளோதான்."

சாப்பிடுவோம் என்றாள். நான் அதைக் கவனித்தேன்.

அவள் கையில் ஒரு கருப்பு இறகு இருந்தது.

"கண்ண மூடுங்க. கையில தொட்டா வெரலால காட்டுங்க. முதுவுல தொட்டா வாயால சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது."

"நான் எதுக்குப் பொய் சொல்றன்?"

"நீங்க எதுக்கும் சரின்றவராச்சே."

மூடினேன். இமைக்குள் சிவப்பாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நானே எரித்து எரித்துத் தோலைக் கொன்றிருந்தால்? மலைப்பக்கமிருந்து காற்று வந்தால்கூட அது இறகோ என்று உடம்பு காத்திருந்தது.

இடது கையில் எறும்பு நடக்கிற மாதிரி ஒன்று. விரலால் தொட்டேன்.

"ம்."

வலது முழங்கை. தொட்டேன்.

"ம்."

"தோள்பட்ட" என்றேன். "கழுத்துக்குக் கீழ." "நடு முதுவு."

ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். பிறகு ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். வியர்த்தது. இதோ, தெரியாத இடம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இப்ப எங்க?"

ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் அவள் என்னோடு வந்துவிடுவாள்.

"தெரியல" என்றேன். "எங்கயும் தொட்ட மாதிரி இல்ல."

"தொடல" என்றாள். "இப்பத்தான் உங்கள நம்பறேன்."

இறகு மறுபடி வந்தது. வெள்ளை வட்டம் இல்லாத இடத்திலெல்லாம் வந்தது. காது மடலில் வந்தது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் "ம்" சொல்வதை நிறுத்திவிட்டாள். பிறகு இறகும் நின்றது.

"நான் வேற நெனச்சிக்கினு இருந்தேன்."

"இன்னா?"

"எம் மேல பட்டா அசிங்கம்னு நெனச்சி, காலைல மருந்து ஊத்திக் கழுவுறீங்கன்னு."

கண்ணைத் திறந்துவிட்டேன். இந்தத் தடவை தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. சுணையிலிருந்து ஆரம்பித்து மாணிக்கம், டிஞ்சர், தேங்காய் நார் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "மில்லுல தவிட்டு நாத்தம்... ஒனக்குப் பிடிக்காதுன்னு..." என்று நிறுத்தினேன்.

அவள் கொட்டகையைப் பார்த்தாள். பசு தொட்டியில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தது. தொட்டியில் காலையில் அவள் கரைத்து ஊற்றிய தவிடு.

"பொறந்ததுல இருந்து தவிடு கரைக்கிறேன். எங்கம்மா புடவையில அடிக்கிறது அந்த வாசனதான். கல்யாணமாகி உங்க வூட்டுக்கு வந்து நாலு மாசமா அத்தத்தான் தேடிக்கினு இருந்தேன்" என்றாள்.

மாமனார் கை

சாயங்காலம் அஞ்சலை தன் அப்பாவிடம் போய் நேராகச் சொன்னாள். "எல்லா எடத்துலயும் தொட்டுப் பாத்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மருந்து ஊத்தித் தோல வேவ வெச்சிக்கினாரு, வேற ஒன்னும் இல்ல."

"நீ இன்னா டாக்டரா?"

"டாக்டரு வெச்சிருந்ததும் கோழி றெக்கதான்."

மாமனார் இறகை வாங்கிக்கொண்டார். முற்றத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். மாமியார், ஏழுமலை, அஞ்சலை, எல்லார் முன்னாலும் நான் சட்டையில்லாமல் கண்ணை மூடி உட்கார்ந்தேன். என்னை மாதிரி ஆளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

ஏர் பிடித்த கை அது. இறகைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒரு சமயம் அழுத்தினார், ஒரு சமயம் பட்டும் படாமலும் இழுத்தார். எல்லாம் சொன்னேன். அப்புறம் அக்குளுக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தது போல. அங்கே கொண்டுபோய் வைத்து மெதுவாகச் சுழற்றினார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க அடக்கச் சிரித்தேன். முக்காலியிலிருந்து விழுந்து தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

"அட, மாப்ளைக்கு சிரிக்கக்கூட வருது!" என்றார் மாமியார்.

"உணர்ச்சி ஜாஸ்தியாவே இருக்குதுப்பா, போதும் வுடு" என்றான் ஏழுமலை.

மாமனார் சிரிக்கவில்லை. இறகைக் கூரையில் செருகினார். "இருந்தாலும் ரோடு தொறந்ததும் ஆஸ்பத்திரில ஒருக்கா காட்டிடுங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ரெண்டு பேருமா போய்ட்டு" என்றார்.

பிற்பாடு காட்டினோம். டாக்டரும் தொட்டுப் பார்த்தார். தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுத்தார். அஞ்சலையைப் பார்த்து, "இவரு குளிக்கறப்ப வெறும் தண்ணி மட்டும் குடும்மா" என்று சொல்லி அனுப்பினார். மீதி மருந்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டது. பசுவுக்குக் கொம்பிலோ குளம்பிலோ காயம் பட்டால் பக்கெட்டுக்கு ஒரு மூடி ஊற்றிக் கழுவுவார். மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளப்பார்.

அவர் முற்றத்தில் என்னைத் தொட்டுப் பார்த்த மறுநாள் காலை மறைப்புக்குள் போனேன். அஞ்சலை பக்கெட்டில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். பாட்டிலைக் காணவில்லை. தண்ணீருக்குள் பக்கெட்டின் அடி தெரிந்தது. துரு தெரிந்தது. அதற்கும் அடியில் மலை தெரிந்தது, மேகம் விலகி, பச்சையாக. முதல் சொம்பு ஊற்றினேன். எரியவில்லை. குளித்த மாதிரியே இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் என் முன்னால் இலை போட்டார். எல்லாருக்கும் தட்டு, எனக்கு மட்டும் இலை. அஞ்சலை தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் யாரையும் பார்க்காமல் சோறு போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியோ சாப்பிட்டு இலையை மடித்தேன்.

எடுக்கப்போனேன். "வுடுங்க மாப்ள" என்று அவரே குனிந்து எடுத்தார்.

தோட்டத்துப் பக்கம் அவர் காலடி கேட்டது. எருக்குழிப் பக்கம் போனது. அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனது. பிறகு செவலைப் பசு இலையைக் கிழித்து மெல்லும் சத்தம் கேட்டது.